மாரிக்கு முன்னே மீனுக்கு உள்ளியும் மஞ்சளும்

நோய்ப்பட்ட மீன் முதலில் விடுவது தீனியைத்தான். தின்னாத மீனுக்குத் தீனியில் கலந்த மருந்து போய்ச் சேராது. அதனால் உள்ளியும் (வெள்ளைப்பூண்டு) மஞ்சளும் கலந்த மூலிகைத் தீனியை, மீனின் எதிர்ப்புச் சக்தியை ஏற்ற, நோய்க்கு முன்னே கொடுக்க வேண்டும். வன்னியில் மீன் தளர்கிற காலம் இரண்டு. ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றிச் சூடேறும். ஐப்பசி மழையில் அதே தண்ணீர் திடீரெனக் குளிர்ந்து கலங்கும். இரண்டுக்கும் இரண்டு கிழமை முன்பே தொடங்குங்கள். மீனைப் பிடித்துத் தரம் பிரிக்கவோ இடம் மாற்றவோ இருந்தாலும் அப்படியே.

இது சீமெந்துத் தொட்டி, மண் குட்டை, வலைக்கூடு ஆகியவற்றில் தீனி போட்டு வளர்க்கிற மீனுக்கு. இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் விட்ட மீன் குளத்தில் கிடைப்பதைத் தின்று வளர்வது. அங்கே இதற்கு வேலையில்லை. ஆனால் குளத்தில் விடுமுன் குட்டையில் வளர்க்கும் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம்.

ஒரு கிலோ குருணைத் தீனிக்கு (சிறு உருண்டைகளாக வரும் மீன் தீனி) உரித்த பச்சை உள்ளி 20 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம், தேங்காயெண்ணெய் 20 மில்லிலீற்றர். கொய்யா இலை கிடைத்தால் நிழலில் உலர்த்தி இடித்து, மெல்லிய துணியில் அரித்து 5 கிராம் சேர்க்கலாம். மஞ்சளை முழுக் கிழங்காக வாங்கி இடிப்பது நல்லது. கடைத் தூளில் மாவும் சாயமும் கலந்திருக்கலாம்.

உள்ளியை அம்மியில் அரைத்துப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். நசுங்கிய பிறகுதான் அதன் காரச் சத்து உண்டாகிறது. உடனே சூடுபடுத்தினால் அது உண்டாகாமலே போகும். அவிக்கவோ வதக்கவோ வேண்டாம். அரைத்ததை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துத் தீனிமேல் தெளித்துப் பிசறுங்கள். தண்ணீர் கூடினால் குருணை ஊறி உடையும், தொட்டியில் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். சுளகில் பரப்பி நிழலில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். பிறகு மஞ்சளையும் கொய்யாத் தூளையும் எண்ணெயில் குழைத்து மேலே பூசுங்கள். மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதோடு அந்த எண்ணெய்ப் பூச்சு உள்ளி தண்ணீரில் கழுவுப்படாமலும் காக்கும். இன்னும் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடலாம்.

அன்றன்று கலப்பதே நல்லது. ஈரத்தோடு சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த தீனி மீனின் ஈரலைக் கெடுக்கும். அதைக் காயவைத்துத் திரும்பப் போடுவது சிக்கனமல்ல.

சராசரி 150 கிராம் எடையுள்ள 500 திலாப்பியா என்றால் மொத்தம் 75 கிலோ. உடல் எடையில் நூற்றுக்கு மூன்று வீதம் நாளொன்றுக்கு 2.25 கிலோ தீனி. அதற்கு உள்ளி 45 கிராம், மஞ்சள் ஏறக்குறைய 11 கிராம். காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் பிரித்துப் போடுங்கள். விடியற்காலையில் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, அப்போது வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்காவிட்டால் அடுத்த வேளை குறையுங்கள். முதல் இரண்டு நாள் மணத்துக்கு மீன் தயங்கினால் உள்ளியின் அளவைப் பாதியாக்கித் தொடங்கலாம்.

இரண்டு, மூன்று கிழமை கொடுத்து, அதே அளவு நாள் நிறுத்துங்கள். ஓயாமல் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி மேலும் ஏறாது. சில வேளை இறங்கும். அளவை இரட்டித்தால் வளர்ச்சி மந்தமாகலாம்.

வேப்பிலையில் அவதானம். அதன் கசப்புச் சத்து அளவு மீறினால் மீனுக்கே நஞ்சு. கொத்தோடு தொட்டியில் போட்டால் இலை அழுகி ஒட்சிசனையும் உறிஞ்சும். அளவு தெரியாதவர்கள் வேம்பை விட்டுவிடுவதே மேல்.

கண் பிதுங்கி, மீன் சுற்றிச் சுற்றி நீந்தினாலோ, உடலில் செம்புண் வந்து வயிறு ஊதினாலோ உள்ளியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அது பெரும்பாலும் பக்டீரியா நோய். செத்ததை உடனே எடுத்துத் தொட்டிக்குத் தூரத்தில் புதையுங்கள், தீனியைக் குறையுங்கள், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். சாகும் நிலையில் உள்ள மீன் ஒன்றை, செத்து நாறியதை அல்ல, பொலித்தீன் பையில் தண்ணீரோடு நீர்வாழ் உயிரின வளர்ப்பு உத்தியோகத்தரிடமோ கால்நடை வைத்தியரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.