‘ஃபோர்மலைஸ்’ என்ற வினைச்சொல்லை எப்போது போடலாம்?

கந்தோரின் ஆங்கில மின்னஞ்சலில் ‘ஃபோர்மலைஸ்’ (formalise) என்று எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த விஷயம் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறதா? ஆம் என்றால் தாராளமாகப் போடலாம். வாய்ப்பேச்சிலோ பழக்கத்திலோ நம்பிக்கையிலோ ஓடிக்கொண்டிருப்பதை எழுத்து, கையெழுத்து, பதிவு என்று முறைப்படி ஆக்குவதுதான் இந்தச் சொல்லின் வேலை. இன்னும் தொடங்காத ஒன்றுக்கு இதைப் போட்டால், ‘அப்போ ஏற்கனவே பேசி முடித்துவிட்டார்களா?’ என்று வாசிப்பவர் யோசிப்பார். டெண்டர் மாதிரி விஷயங்களில் அது வீண் சிக்கல்.

வெள்ளவத்தையில் மச்சான்மார் இரண்டு பேர் சேர்ந்து புடவைக்கடை நடத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருடைய முதல், மற்றவருடைய உழைப்பு, இலாபம் பாதிப்பாதி, எல்லாம் வாய்ச்சொல்தான். பிள்ளைகள் வளர்ந்து கடைக்கு வரத் தொடங்கியதும் இதை எழுதி வைப்போம் என்று சட்டத்தரணியிடம் போகிறார்கள். ‘வீ வோன்ட் டு ஃபோர்மலைஸ் அவர் பார்ட்னர்ஷிப்’ என்பது அங்கே அச்சொட்டாகப் பொருந்தும். கடையே இன்னும் திறக்கவில்லை என்றால் ‘செட் அப்’, அதாவது புதிதாகத் தொடங்குவது, என்று எழுதுங்கள். கலியாணமும் அப்படித்தான்: கோயிலில் தாலி கட்டிவிட்டு எழுத்தைப் பிறகு முடிக்கிற தம்பதிக்கு இந்தச் சொல் சரி, இரண்டுமே இன்னும் நடக்காத ஜோடிக்குச் சரிவராது.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது. ‘ஃபைனலைஸ்’ என்றால் இழுபட்ட பேச்சை முடிவுக்குக் கொண்டு வருவது. விலையை ஃபைனலைஸ் பண்ணிவிட்டு அப்புறம் ஒப்பந்தத்தை ஃபோர்மலைஸ் பண்ணுவோம், வரிசை அதுதான். ‘லீகலைஸ்’ என்றால் சட்டம் தடுத்திருந்ததைச் சட்டம் அனுமதிப்பது, ஆகவே உங்கள் கடை ஒப்பந்தத்துக்கு அதைப் போட்டால் இவ்வளவு நாளும் களவாக நடத்தினீர்கள் என்ற அர்த்தம் வந்துவிடும், கவனம். அனுமதி எடுக்காமல் கட்டிய மாடிக்குப் பிறகு அனுமதி எடுப்பதற்கு ‘ரெகுலரைஸ்’. ஏற்கனவே கையெழுத்தான ஒன்றை உரிய அதிகாரம் உறுதிப்படுத்தினால் ‘ரட்டிஃபை’: சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 1990 இல் கையெழுத்திட்டு 1991 இல் ரட்டிஃபை செய்தது.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஃபோர்மலைஸ் என்று மட்டும் எழுதி விடாதீர்கள், எதைக் கொண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காணி விற்பனையைப் பேசி, முற்பணம் வாங்கி, வெறும் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ‘ஃபோர்மலைஸ் ஆகிவிட்டது’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அப்படியான கொடுக்கல் வாங்கலுக்கு நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தாள் செல்லாது. கடையில் நாட்சம்பளத்துக்கு நிற்கிற தம்பியின் வேலையை ஃபோர்மலைஸ் பண்ணுகிறோம் என்று முதலாளி சொன்னால், நியமனக் கடிதம் எங்கே, ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் போகிறதா, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியின் 3 வீதம் போகிறதா என்று கேட்க வேண்டும். அதெல்லாம் அந்தத் தம்பிக்குச் சேர வேண்டிய காசு.

இலக்கணம் லேசு. செயப்படுபொருள் நேராக வரும், நடுவில் ‘அபவுட்’, ‘ஃபோர்’ ஒன்றும் வேண்டாம். யார் செய்தது என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் ‘வோஸ் ஃபோர்மலைஸ்ட்’ என்று செயப்பாட்டில் எழுதலாம், அறிக்கைகளில் அப்படித்தான் அதிகம் வரும். உச்சரிக்கும்போது முதல் அசையை அழுத்துங்கள். எழுத்துக்கூட்டலின் கடைசியில் எஸ் (-ise) போடுவதா இசட் (-ize) போடுவதா என்று ஒருவரோடும் சண்டை பிடிக்க வேண்டாம்: இங்கே பிரித்தானிய வழக்கில் எஸ்தான் அதிகம், ஒக்ஸ்ஃபோர்ட் அகராதிகள் இசட்டை முன்னால் வைக்கின்றன, அமெரிக்கர்களும் இசட்தான். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும், அதோடு ‘ஓர்கனைஸ்’, ‘ஃபைனலைஸ்’ எல்லாவற்றையும் அதே எழுத்தில் முடியுங்கள்.