படுத்த மனைச் சந்தை எழுந்துவிட்டதா? நெல்லைப் பக்கம் இடம் வாங்குமுன் கண்டுபிடிக்கும் வழி

“மார்க்கெட் ஏறிட்டு அண்ணாச்சி, இப்ப விட்டா கிடைக்காது.” கே.டி.சி. நகர், ரெட்டியார்பட்டி, தாழையூத்து என்று எந்தப் பக்கம் இடம் பார்க்கப் போனாலும் தரகர் இதைத்தான் சொல்வார். சந்தை படுத்துக் கிடந்த வருஷங்களிலும் இதையேதான் சொன்னார்கள். அதனால் வாயால் சொல்லும் விலையை ஒதுக்கிவிட்டு, எத்தனை கிரயப் (விற்பனைப்) பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். விழுந்த சந்தை எழும்போது முதலில் கூடுவது விற்பனை எண்ணிக்கைதான். விலை அதற்குப் பிறகுதான் மெள்ள அசையும்.

நம் பக்கம் அடி விழுந்தது அடுத்தடுத்து. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்கென்று அரசு வைக்கும் குறைந்தபட்ச விலை) 33 சதவீதம் குறைத்தார்கள், ஆனால் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். கல் நட்டுப் போட்ட மனைகளில் சீமை உடை முளைத்ததுதான் மிச்சம். அப்படியும் சொல்கிற விலை பெரிதாக இறங்கவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டவர் வாங்கிய விலைக்குக் கீழே கொடுக்க மனம் வராமல் காத்திருப்பார். விலை இறங்காத இடத்தில் விற்பனை நின்றுவிடும். வருஷக்கணக்கில் இழுப்பது இதனால்தான்.

எண்ணுவது எப்படி? பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (ஓர் இடத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) காசில்லாமல் பார்க்கலாம். நீங்கள் பார்க்கும் மனைக்கு மட்டும் போடாமல், அதைச் சுற்றியுள்ள நான்கைந்து சர்வே எண்களுக்கும் பத்து வருஷத்துக்குப் போடுங்கள். பலர் கோட்டை விடுவது உட்பிரிவில். 214/3 என்று இருந்தது மனையாகப் பிரிந்தபின் 214/3ஏ1 ஆகியிருக்கும். புது எண்ணை மட்டும் போட்டால் பழைய பதிவுகள் வராது. வில்லங்கமே இல்லாத மாதிரி தெரியும். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

சான்றில் ‘தன்மை’ என்ற கட்டத்தைப் பாருங்கள். தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் எல்லாம் குடும்பத்துக்குள் நடப்பவை, அவற்றைக் கழித்துவிடுங்கள். கிரயத்தை மட்டும் வருஷவாரியாக எழுதுங்கள். மனைப் பிரிவு போட்டவரே விற்றதைத் தனியாகவும், வாங்கியவர் மறுபடி விற்றதைத் தனியாகவும் குறியுங்கள். மறுவிற்பனை கூடியிருந்தால்தான் சந்தைக்கு உயிர் வந்திருக்கிறது என்று அர்த்தம். கிரய ஒப்பந்தம் போட்டு, பிறகு ரத்துப் பத்திரம் பதிவாகியிருப்பது இரண்டு மூன்று கண்ணில் பட்டால், வாங்க வந்தவர்கள் பணம் புரட்ட முடியாமலோ, பத்திரத்தில் சிக்கல் கண்டோ பின்வாங்கியிருக்கிறார்கள். அந்த மனைப் பிரிவில் அவசரமே வேண்டாம்.

மாதத்தை வைத்து ஒப்பிடும்போது தையைத் தையோடும், ஆடியை ஆடியோடும் ஒப்பிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் கிரயம் முடிக்க விரும்புவதில்லை. மார்கழிக்குப் பிறகு தையில் எண்ணிக்கை குதிப்பதைக் காட்டி ‘ஏறிவிட்டது’ என்பவரை நம்ப வேண்டாம். வழிகாட்டி மதிப்பு ஏறப்போகிறது என்று பேச்சு வந்தாலும் கூட்டம் முண்டியடிக்கும், அடுத்த மாதம் வெறிச்சோடும்.

உண்மை விலை தெரிய இன்னொரு வழி உண்டு. சான்றில் உள்ள ‘கைமாற்றுத் தொகை’ பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும், அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். ஆனால் ஒரு கிரயப் பத்திரத்துக்கு அடுத்த எண்ணிலேயே, அதே நாளில், வங்கிக்கு ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ (கடனுக்கு அடமானமாகப் பத்திரத்தைக் கொடுப்பது) எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அவர் கடன் வாங்கி வாங்கியவர். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் கடனும் குறையும் என்பதால், இந்தப் பத்திரங்களில் தொகை நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படி நான்கு கிடைத்தால் தொகையைச் சென்ட் கணக்கில் வகுத்துவிடுங்கள். (ஒரு சென்ட் 435.6 சதுர அடி.) உங்கள் பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.

பேரத்துக்கு இந்தக் கணக்கும் கையில் இருக்கட்டும். 2014-இல் 5 லட்சத்துக்கு வாங்கிய மனையை 2024-இல் 7 லட்சத்துக்கு விற்பவர் 2 லட்சம் லாபம் என்று நினைப்பார். அந்த 5 லட்சம் 7 சதவீத வட்டியில் கிடந்திருந்தால் ஏறத்தாழ 9.8 லட்சம் ஆகியிருக்கும். இதை மரியாதையாக எடுத்துச் சொன்னால், காத்திருந்து களைத்தவர் இறங்கி வருவார். விற்பவராக நீங்கள் இருந்தாலும் இதே கணக்குதான்: இன்னும் மூன்று வருஷம் காத்திருந்தால் வட்டியை மிஞ்சி விலை ஏறுமா என்று மட்டும் கேளுங்கள்.

கட்டிய வீடென்றால் வாடகையைப் பாருங்கள். 40 லட்சம் சொல்லும் வீட்டுக்கு அந்தத் தெருவில் மாதம் 9,000 வாடகை என்றால், வருஷத்துக்கு 1,08,000, அதாவது 2.7 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி இதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. குடியிருக்க வாங்குகிறவருக்குப் பரவாயில்லை, வாடகைக்கு விட வாங்குகிறவருக்கு ஆகாது.

இனி நேரில் போய்ப் பார்ப்பது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரைமீறியபோது சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது. பார்க்கும் இடத்தின் பக்கத்து வீட்டில் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே வெள்ளையடித்திருப்பார்கள், உள்ளே, மோட்டார் ரூமுக்குப் பின்னால், சேறு படிந்த கோடு ஒரே மட்டத்தில் ஓடும். டேப் பிடித்து அளந்து, உங்கள் தரைமட்டம் அதைவிட எவ்வளவு உயர வேண்டும் என்று கொத்தனாரிடம் கேளுங்கள். மண் அடிக்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். கரிசல் மண்ணாக இருந்தால் அஸ்திவாரச் செலவும் கூடும்.

அங்கீகாரத்தில் சமாதானம் கூடவே கூடாது. 20.10.2016-க்கு முன் பிரித்த மனையென்றால் வரன்முறைப்படுத்திய (அங்கீகாரமில்லாத மனையைப் பிறகு முறைப்படுத்திய) உத்தரவைக் கேளுங்கள். முன்பே ஒருமுறை பதிவானதால் மறுபடி பதிவாகிவிடும் என்று சொல்வார்கள். பதிவாகலாம், ஆனால் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். அ-பதிவேட்டில் (எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்றும், லே-அவுட் வரைபடத்தில் அந்த மனை பூங்காவுக்கு ஒதுக்கிய இடமா என்றும் பார்த்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு: 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 9 சதவீதம். 12 லட்சம் மதிப்புக்கு 1,08,000. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும்.

முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. பத்துச் சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். கெடு மூன்று மாதம் வைத்து, கிரயத்துக்கு முந்தின நாள் வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தை எடுங்கள்.