உதிராத கிரனோலா பார்
ஓட்ஸைத் தேனில் பிடித்து, துண்டு போடும் தின்பண்டம்தான் கிரனோலா பார். முதல் இரண்டு தடவையும் கத்தி வைத்ததுமே அது பொலபொலவென்று உதிர்ந்தது. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கையால் கலந்தது ஆயிற்றே. தேனைச் சூடாக்காமல் அப்படியே ஊற்றியதுதான் தப்பு.

மூன்றாம் முறை 2 கப் ஓட்ஸை வாசம் வர வறுத்தேன். அரை கப் தேனையும் அரை கப் வேர்க்கடலை வெண்ணெயையும் குமிழி வரும்வரை அடுப்பில் கிளறினேன். இந்த வேலை மட்டும் பெரியவர்களுடையது. (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது.) ஓட்ஸ், பொடித்த பாதாம், உலர் திராட்சை எல்லாம் சேர்த்துக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் தட்டில் கொட்டினேன்.

அப்புறம் பிள்ளைகள் முறை. மேலே பேக்கிங் தாள் விரித்து, டம்ளர் அடியால் அழுத்து அழுத்தென்று அழுத்தினார்கள். சின்னவன் நாற்காலியில் ஏறி நின்று முழு பலத்தையும் கொடுத்தான். இறுக அழுத்தினால்தான் பார் பிடித்து நிற்கும். 2 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகே வெட்டினோம். ஓரம்கூட உதிரவில்லை.