பழைய கேரவன்: பம்பு, வெந்நீர், கழிவுத் தொட்டி

குழாய்களை எல்லாம் மூடிய பிறகும் 12 வோல்ட் பம்பு விட்டுவிட்டு ஓடுகிறதா? எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் உள்வால்வு அழுத்தத்தைத் தாங்கவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவையுங்கள், ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். பம்பு ஓடியும் தண்ணீர் வராவிட்டால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள்.

வெந்நீர்தான் பெரிய தலைவலி. தாமிரபரணித் தண்ணீர் பரவாயில்லை. ராதாபுரம், வள்ளியூர் பக்கம் உப்புப் போர் தண்ணீரை நிரப்பினால் ஹீட்டர் காயிலில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சூடேறத் தாமதமாகும், கடைசியில் காயில் கருகும். கரண்டைத் துண்டித்து, வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை வையுங்கள். 230 வோல்ட், 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் போய்விட்டது, மாற்றுங்கள். காட்டினால் தொட்டியை வடித்து, காயிலைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் நுரை அடங்கும்வரை ஊறவையுங்கள். இணைப்பு முனை நனையக் கூடாது. தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி இருந்து, அது முக்கால்வாசி கரைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தொட்டி நிரம்பாமல் சுவிட்சைப் போடவே கூடாது.

கேஸ் ஹீட்டர் என்றால் முதலில் புகைப்போக்கியைப் பாருங்கள். நிறுத்தியே கிடந்த வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடைபட்ட புகை உள்ளே திரும்பினால் உயிருக்கே ஆபத்து.

கழிவறைத் தொட்டி வால்வைத் திறந்தே போட்டால் நீர் வடிந்து மலம் இறுகிவிடும். மூடியே வைத்து, முக்கால் நிரம்பியதும் செப்டிக் லாரியை அழையுங்கள். வாய்க்காலில் திறந்துவிடுவது அயோக்கியத்தனம். காலியானதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவையுங்கள்.