கலிஃபோர்னியாவில் முதல் ஓட்டு: ஆளுநர் கையெழுத்துப் போட்டதை நம்பிக் கட்சி மாறாதீர்கள்

சிட்டிசன்ஷிப் வாங்கியதும் பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி என்று ஓடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை நான் எழுத வேண்டியதில்லை. வாக்காளர் பதிவும் கஷ்டமில்லை. டிரைவர் லைசென்ஸ் எண்ணை வைத்து ஆன்லைனில் டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும். வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கி, உறையில் போட்டு, உறையின் மேல் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஆயிற்று, தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். விரலில் மை கிடையாது, ஒரு ஸ்டிக்கர் தருவார்கள், அதை வைத்து செல்ஃபி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னும் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். டி.எம்.வி. என்கிற வாகன அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். நான் அமெரிக்கக் குடிமகன் என்று தப்பாக டிக் அடித்துவிட்டால், பின்னால் அதுவே குடியுரிமை மனுவையும் சில சமயம் இங்கே இருப்பதையுமே காலி செய்துவிடும். தேர்தல் நன்கொடையும் அப்படித்தான்: கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், எச்-1பி வேலை விசாவில் இருந்துகொண்டு ஐந்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது.

சரி, என் நண்பர் ஒருவர் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். பதிவுப் படிவத்தில் 'கட்சி விருப்பம்' என்று ஒரு கேள்வி வரும். நம் ஊரில் எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று வீட்டுக்காரம்மாவிடமே சொல்லமாட்டோம், இங்கே அரசாங்கமே படிவத்தில் கேட்கிறது. எனக்கு இன்றுவரை இது எரிச்சல்தான். ஆனால் அதிபர் தேர்தலுக்கான பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், எந்தக் கட்சியின் வேட்பாளர் பட்டியல் உங்களுக்கு வரும் என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. குடியரசுக் கட்சி தன்னிடம் பதிந்தவர்களுக்கு மட்டுமே வாக்குச்சீட்டு தருகிறது. ஜனநாயகக் கட்சி, எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிந்தவர்களுக்கும் கேட்டால் தருகிறது.

2019 கோடையில் நண்பர் குடியுரிமை பெற்றார். கரூர்க்காரர். கிரீன் கார்டு வரிசையில் எத்தனையோ வருஷம் நின்று, தலை நரைத்து, கடைசியில் கிடைத்தது. முதல் ஓட்டைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான், ஜூலை 30 அன்று, ஆளுநர் கேவின் நியூசம் எஸ்.பி. 27 என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். (இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவர் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நம் ஊர் முதல்வர் மாதிரியானவர்.) அதிபர் பிரைமரியில் பெயர் வர வேண்டுமானால் வேட்பாளர் தன் கடைசி ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கை மாநிலச் செயலரிடம் (இங்கே தேர்தலைக் கவனிக்கும் அதிகாரி) தாக்கல் செய்ய வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு முகவரி போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியை மாநிலம் இணையத்தில் போடும் என்பதுதான் சட்டம். யாரை மனதில் வைத்து எழுதியது என்பது ஊருக்கே தெரியும். 2016-ல் வரிக் கணக்கைக் காட்டாமலே ஜெயித்தவர் ட்ரம்ப். நிக்சன் காலத்துக்குப் பிறகு வேட்பாளர்கள் தாமாகவே காட்டுவது வழக்கமாக இருந்தது, ஆனால் வழக்கம் வேறு, சட்டம் வேறு.

நம்மவர்களுக்கு இந்தச் சட்டம் ரொம்ப இயல்பாகத் தெரிந்தது. ஏன் தெரியாது? இந்தியாவில் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வேட்பாளர் என்றால் பிரமாணப் பத்திரம், சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுதித்தர வேண்டும், மனைவியின் நகை எத்தனை பவுன் என்பதுவரை பேப்பரில் வரும். அந்தப் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் கட்டங்களைக் காலியாக விட்டு, சொன்ன பிறகும் நிரப்பாவிட்டால் மனுவே தள்ளுபடி ஆகலாம். அதனால் 'வரிக் கணக்கு கொடுக்காட்டி கலிஃபோர்னியாவில் ட்ரம்ப் பெயர் இருக்காது, சட்டம் ஆகிவிட்டது' என்று வாட்ஸாப் குழுவில் ஃபார்வர்டு வந்தபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை.

நண்பர் அதற்கு மேலும் ஒரு படி போனார். ட்ரம்ப் பெயர் இல்லையென்றால் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் உண்மையான போட்டி நடக்கும், மாசசூசெட்ஸ் முன்னாள் ஆளுநர் பில் வெல்டு மாதிரி ஒருவருக்கு ஓட்டுப் போட்டால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஜனநாயகக் கட்சி என்று பதிந்திருந்ததைக் குடியரசுக் கட்சி என்று மாற்றிக்கொண்டார். "அண்ணே, ஓட்டை யோசிச்சுப் போடணும்ண்ணே" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

செப்டம்பரிலேயே மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி மாரிசன் இங்லண்ட், சட்டத்துக்குத் தடை விதிக்கப்போவதாக நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டார், அக்டோபர் தொடக்கத்தில் எழுத்திலும் உத்தரவு வந்தது. நவம்பர் 21 அன்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில், அதிபர் வேட்பாளர்கள் பற்றிய பகுதி செல்லாது என்றது. கணக்கு தாக்கல் செய்யக் கடைசித் தேதிக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை. குழுவில் அது ஃபார்வர்டு ஆகவில்லை. சட்டம் வந்தது செய்தி, சட்டம் செத்தது செய்தி இல்லை.

பிப்ரவரியில் நண்பர் தங்கை கல்யாணத்துக்குக் கரூர் போயிருந்தார். திரும்பி வந்து சாப்பாட்டு மேஜையில் இரண்டு உறைகளைப் பிரித்தார். மனைவியுடைய ஜனநாயகக் கட்சிச் சீட்டில் சாண்டர்ஸ், பைடன், வாரன் என்று நீளப் பட்டியல். இவருடையதில் ட்ரம்ப் பெயர் பளிச்சென்று அச்சாகியிருந்தது. கூடவே வெல்டு, அப்புறம் ஏற்கெனவே போட்டியிலிருந்து விலகிவிட்ட ஜோ வால்ஷ், யாருக்கும் தெரியாத சிலர். அந்த மார்ச் 3 அன்று கலிஃபோர்னியாவில் உண்மையான போட்டி மனைவியின் தாளில்தான் இருந்தது. அன்றைக்கே நேரில் போய்க் கட்சி விருப்பத்தை மாற்றி ஓட்டுப் போட வழி இருந்தது, அது அவருக்குத் தெரியாது, கோபத்தில் யாரையும் கேட்கவும் இல்லை. அதிபர் இடத்தைக் காலியாக விட்டு மற்றதை நிரப்பி அனுப்பிவிட்டார். இவ்வளவு வருஷம் காத்திருந்து வாங்கிய முதல் ஓட்டு.

ஒரு மாநிலம் ஏன் இப்படிக் கேட்க முடியாது என்பது புரிந்தால் அடுத்த ஃபார்வர்டு வரும்போது ஏமாறமாட்டீர்கள். இந்தியாவில் ஒரே தேர்தல் ஆணையம், காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே படிவம். இங்கே அதிபர் தேர்தல்கூட ஐம்பது மாநிலமும் தனித்தனியாக நடத்துவது. சீட்டை அச்சடிப்பது மாநிலம், கையெழுத்து எத்தனை வேண்டும், கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் மாநிலம். அப்போது வரிக் கணக்கையும் மாநிலமே கேட்டால் என்ன என்று தோன்றும். நியாயமான கேள்விதான், எஸ்.பி. 27-ஐ ஆதரித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்: இது தகுதி நிபந்தனை இல்லை, தாளைக் கொண்டுவந்து கொடு என்பதுதான், யாராலும் செய்யக்கூடியது.

ஆனால் அதிபராகத் தகுதி என்ன என்று அரசியல் சட்டமே மூன்று விஷயம் சொல்லிவிட்டது: பிறப்பால் குடிமகன், 35 வயது, நாட்டில் 14 வருஷம் வாசம். நான்காவதை மாநிலம் சேர்க்கலாமா? 1995-ல் இதே மாதிரி ஒரு வழக்கு, அதிபர் பற்றியது இல்லை, காங்கிரஸ் உறுப்பினர்கள் பற்றியது. மூன்று முறை பிரதிநிதிகள் சபையில் இருந்தவரின் பெயரை இனி அச்சடிக்கமாட்டோம், வேண்டுமானால் வாக்காளர் கையால் எழுதிக்கொள்ளட்டும் என்றது ஆர்கன்சா. வாசலை மூடிவிட்டு ஜன்னல் திறந்திருக்கிறதே என்கிற வாதம். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஃபெடரல் நீதிபதி எஸ்.பி. 27-ஐ அந்த வரிசையில்தான் பார்த்தார். கூடவே, அதிபர் வேட்பாளர்கள் நிதி விவரம் கொடுக்க 1978-லேயே ஃபெடரல் சட்டம் இருக்கிறது, அதன்மேல் மாநிலம் இன்னொன்றைச் சுமத்த முடியாது என்றார்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தேசிய அளவிலோ மாநில அளவிலோ அறியப்பட்ட அதிபர் வேட்பாளர்கள் எல்லோர் பெயரும் பிரைமரிச் சீட்டில் வர வேண்டும் என்று மாநிலத்தின் சொந்த அரசியல் சட்டத்தில் 1972-லேயே வாக்காளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், சட்டசபை அதை மீறிவிட்டது, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டது. அப்படி ஒரு விதி இல்லாத மாநிலம் நாளைக்கே முயன்றால்? வரிக் கணக்கைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேரடியாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. 2020-ல் வேறொரு வழக்கின் அடிக்குறிப்பில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவை நியமிக்கும் சாக்கில் மாநிலம் அதிபர் வேட்பாளருக்குப் புது நிபந்தனை போட்டால் அது அரசியல் சட்டத்தோடு மோதக்கூடும் என்று ஒரு கோடு காட்டியது. 2024-ல் கொலராடோ, கிளர்ச்சியில் ஈடுபட்டார் என்று ட்ரம்ப் பெயரை நீக்கியபோது, மாநிலம் தன் சொந்தப் பதவிகளுக்கு வேண்டுமானால் அப்படித் தடுக்கலாம், ஃபெடரல் பதவிக்கு, அதிலும் அதிபர் பதவிக்கு முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் அந்த முடிவில் ஒன்றாக நின்றார்கள். அது வரி பற்றியது அல்லதான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறதல்லவா. அந்தத் தடவையும் குழுவில் ஃபார்வர்டு வந்தது. தீர்ப்பு வந்தது மார்ச் 4, நம் பிரைமரி மார்ச் 5.

வேட்பாளர் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்பவர்கூடச் சொத்தை எழுதிக்கொடுக்கும் ஊரிலிருந்து வந்தவன் வேறு எப்படி நினைப்பேன். ஆனால் மாநிலத்துக்கு ஒரு நிபந்தனை என்றால் என்ன ஆகும் என்பதை அரிசோனா காட்டியது. 2011-ல் அங்கே அதிபர் வேட்பாளர் பிறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று சட்டசபை நிறைவேற்றியது, குறி ஒபாமா, அவர் அமெரிக்காவிலேயே பிறக்கவில்லை என்று வதந்தி ஓடிய சமயம். முழுச் சான்றிதழ் இல்லாதவர் ஞானஸ்நானச் சான்றிதழோ விருத்தசேதனச் சான்றிதழோ கொடுக்கலாம் என்றுகூட எழுதியிருந்தார்கள்! குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் ப்ரூவரே வெறுத்துப்போய் நிராகரித்தார். 2017-ல் இங்கே வரிக் கணக்கு மசோதா முதலில் வந்தபோது ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜெர்ரி பிரவுனும் நிராகரித்தார், இன்றைக்கு வரிக் கணக்கு, நாளைக்குப் பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலா என்கிற ரீதியில் கேட்டுவிட்டு. இரண்டு கட்சி, இரண்டு பெரியவர்கள், ஒரே பதில்.

அப்படியானால் எதுவுமே காட்ட வேண்டாமா என்றால், ஃபெடரல் படிவம் 278இ என்று ஒன்று இருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்தால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். சொத்தின் சரியான மதிப்பு இருக்காது, 1,001 டாலர் முதல் 15,000 வரை என்று தொடங்கி 5 கோடி டாலருக்கு மேல் என்பதுவரை கட்டங்கள், எந்தக் கட்டமோ அதில் டிக். வரி எவ்வளவு கட்டினார் என்பது அதில் வரவே வராது. தாமதமானால் கட்டணம் 200 டாலர். நம் ஊர் அஃபிடவிட்டைப் பார்த்த கண்ணுக்கு இது போதாதுதான். மாற்ற வேண்டுமானால் காங்கிரஸ் மாற்ற வேண்டும், சாக்ரமென்டோவால் ஆகாது.

இன்னொரு பாதி கதை பாக்கி. எஸ்.பி. 27 முழுதாகச் சாகவில்லை. கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் பிரைமரியில் நிற்பவர்கள் ஐந்து வருஷ வரிக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும், அது மாநிலத்தின் சொந்தப் பதவி. 2021-ல் நியூசமையே பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் தேர்தல் நடந்தபோது, வரி ஆவணம் சரியில்லை என்று, அவர் இடத்துக்குப் போட்டியிட்ட லாரி எல்டர் பெயரை முதலில் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் வழக்குப் போட்டார், சட்டத்தில் பிரைமரி என்றுதான் இருக்கிறது, திரும்ப அழைக்கும் தேர்தல் பிரைமரி இல்லை என்று நீதிபதி சேர்க்கச் சொன்னார். கடைசியில் மாற்று வேட்பாளர்களில் அதிக ஓட்டு அவருக்குத்தான். ஆகவே ஆளுநர் தேர்தல் சமயத்தில் 'வரிக் கணக்கு கொடுக்கணும்' என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை, அதிபருக்கு என்றால்தான் பொய்.

இனி செய்ய வேண்டியது. ஒரு சட்டம் கையெழுத்தானது என்று கேள்விப்பட்டால் அந்தச் சட்டத்தின் பெயரோடு 'வழக்கு', 'தடை' என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள், இங்கே பெரிய சட்டம் எதுவும் கோர்ட் படி ஏறாமல் இருப்பதில்லை, விசா விஷயத்தில் நமக்கே பழகிப்போன கதைதான் இது. பிரைமரிக்கு முன்னால் மாநிலச் செயலரின் தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன கட்சி இருக்கிறது என்று பாருங்கள். 'அமெரிக்கன் இண்டிபென்டன்ட்' என்று இருந்தால் நீங்கள் சுயேச்சை இல்லை, 1968-ல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸை அதிபருக்கு நிறுத்திய ஒரு கட்சியில் இருக்கிறீர்கள், உடனே மாற்றுங்கள். கட்சி வேண்டாம் என்று பதிந்தவர்களுக்கு அதிபர் பிரைமரிக்கு முன் ஒரு தபால் அட்டை வரும், எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள், விளம்பரக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஆன்லைனில் மாற்றத் தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை நேரம், அதைத் தவறவிட்டால் தேர்தல் அன்றுவரை நேரில் போகலாம். பிரைமரிச் சீட்டை வந்த அன்றே நிரப்பி அனுப்ப வேண்டாம், 2020-ல் புட்டிஜெஜும் க்ளோபுச்சரும் ஓட்டுப்பதிவுக்கு ஓரிரு நாள் முன்னால் விலகினார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே போட்ட ஓட்டெல்லாம் வீண். கடைசி வாரம்வரை வைத்திருங்கள், தேர்தல் அன்றைய தபால் முத்திரை இருந்து, ஏழு நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் எண்ணுவார்கள்.