கர்ப்ப காலச் சருமப் பராமரிப்பு: வீட்டுப் பூச்சுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பம் தரித்த சில மாதங்களில் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் மங்கு படர்வதும், தொப்புளிலிருந்து கீழ்நோக்கி ஒரு கருங்கோடு இறங்குவதும் நோய் அல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் பெருகி நிறமிச் செல்களைத் தூண்டிவிடுவதால் வரும் இந்தக் கருமை, பிள்ளை பிறந்த பின் பெரும்பாலும் மெல்ல மெல்லத் தானாகவே மங்கிவிடும். ஆனால் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் அந்தக் கருமையை யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. மாமியார் ஒரு பொடியையும், அக்கா ஒரு சாற்றையும், வேலையிடத்துத் தோழி பெயர் ஒட்டாத ஒரு கிரீமையும் கொண்டுவந்து கொடுக்க, ஏற்கெனவே எளிதில் சிவந்து அரிக்கும் நிலையில் இருக்கும் சருமத்தின் மேல் எல்லாம் ஒன்றாக ஏறுகின்றன. தானே போகக்கூடிய ஒன்றை உடனே போக்க வேண்டும் என்னும் அவசரத்திலிருந்துதான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பல பிறக்கின்றன.

அவற்றில் முதலிடம் எலுமிச்சைக்கு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் லீமாவ் நிப்பிஸ், லீமாவ் கஸ்தூரி என்னும் எலுமிச்சை வகைகளைப் பாதியாக வெட்டி முகத்தில் தேய்ப்பது நம் வீடுகளில் அவ்வளவு சாதாரணம். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை ஏறக்குறைய பிஎச் 2. சருமத்தின் இயல்போ 5-ஐ ஒட்டியது. எரிச்சல் வருவதற்கு இந்த வேறுபாடே போதும். அதைவிடப் பெரிய சிக்கல், எலுமிச்சை இனப் பழங்களில், குறிப்பாகத் தோலில், இருக்கும் ஃபியூரோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள். அவை சருமத்தில் படிந்திருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதா ‘ஏ’ கதிர் பட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து, சிலருக்குக் கொப்புளித்து, பிறகு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிக்கும் பழுப்புக் கறையாக மாறும். மங்கு போகட்டும் என்று போட்ட சாறு அதைவிடக் கருமையான தழும்பை விட்டுச்செல்வது இப்படித்தான். ‘கழுவிவிட்டுத்தானே வெளியே போனேன்’ என்பவர்கள் பலர். சாறு வழிந்த கழுத்தையும் பிழிந்த விரல்களையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதே வகைப் பொருள் நலங்கு மாவிலும் மறைந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எனச் சேர்த்து அரைக்கும் மாவு பொதுவாக மென்மையானதுதான். ஆனால் பழைய பக்குவங்கள் சிலவற்றில் கார்போகரிசியும் சேரும். அந்த விதையில் உள்ள சோரலென், எலுமிச்சையைப் போலவே வெயிலோடு சேர்ந்து சருமத்தைச் சுடக்கூடியது. வெண்புள்ளி நோய்க்கு அது பயன்பட்டதற்கும் காரணம் இந்தக் குணமே. எனவே பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ நாட்டு மருந்துக் கடையில் அரைத்துக் கட்டிய பொட்டலத்தை வாங்குவதைவிட, பொருள்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, கார்போகரிசியை விட்டுவிட்டு வீட்டில் அரைத்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், கர்ப்ப காலத்தில் வெறும் பாசிப்பயற்று மாவே போதும். பதினாறு சரக்கும் சேர்ந்தால்தான் குளியல் என்று எந்தச் சருமமும் கேட்பதில்லை.

வாரம் இரண்டு முறை சந்தனப் பூச்சுப் போட்டுவிட்டு, நாள்தோறும் முகத்தைப் பாதுகாப்பின்றி வெயிலில் காட்டுவது அடுத்த தவறு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை தொலைவிலும் பினாங்கு 5 பாகை தொலைவிலும் இருப்பதால், இங்கே வெயில் தணியும் பருவம் என்று ஒன்று கிடையாது. புற ஊதா ‘ஏ’ கதிர் மேகத்தையும் சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவி வரும் என்பதால், நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருப்பவரும் தப்புவதில்லை. துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு கொண்ட, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கர்ப்பிணிகளுக்கு ஏற்றது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமூட்டிய வகை மங்குக்கு இன்னும் உதவும். தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது. துத்தநாகப் பொடியை வாங்கி வீட்டிலேயே சன்ஸ்கிரீன் குழைக்கும் முயற்சியும் வேண்டாம். பொடி சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாக நின்றால் இடைப்பட்ட தோலுக்குக் காப்பே இல்லை.

வீட்டுப் பூச்சோடு கடைக் கிரீமைக் கலக்கும் பழக்கத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்வேன். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் கைபேசி வழியாகவும் ‘வீட்டில் செய்தது, மூலிகை’ என்று விற்கப்படும் வெளுப்பூட்டும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவை அகப்படுவது மலேசியாவில் புதிய செய்தி அல்ல. பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குவதோடு, நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவையும் அடையும். பூசும் ஹைட்ரோகுவினோனில் 35 முதல் 45 விழுக்காடு வரை உடலுக்குள் உறிஞ்சப்படுவதால் மருத்துவர்கள் அதைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கிறார்கள். டிரெட்டினாயினும் அது போன்ற வைட்டமின் ‘ஏ’ வழிப்பொருள்களும் அதே தவிர்ப்புப் பட்டியலில் உள்ளன. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ, இத்தகைய பொருள்கள் கண்டறியப்பட்ட ஒப்பனைப் பொருள்களின் அறிவிப்பை ரத்து செய்து வருகிறது. டப்பாவில் ‘என்ஓடி’ என்று தொடங்கும் அறிவிப்பு எண் உண்டா என்று பார்த்து, அதை என்பிஆர்ஏவின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். எனினும் அந்த எண், விற்பவர் தம் பொருளைப் பற்றி அமைப்புக்கு அறிவித்திருக்கிறார் என்பதைத்தான் காட்டும். விற்பனைக்கு முன் யாரோ சோதித்துப் பார்த்துச் சான்றளித்தார்கள் என்று கொள்ளக் கூடாது. எண்ணே இல்லாத டப்பாவை, யார் கொடுத்திருந்தாலும், தொட வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி இவ்வளவு அச்சம் தேவையில்லை. பூசுகிற அளவு மஞ்சளால் கருவுக்குக் கேடு இல்லை. ஆனால் அதுவும் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும் என்பதால், முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோவதே முறை. போன கர்ப்பத்தில் ஒத்துக்கொண்டது இந்த முறையும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிட முடியாது. வளைகாப்பன்று இந்தக் கவனம் எளிதில் தவறிவிடுகிறது: வந்தவர்கள் எல்லோரும் கன்னத்திலும் கையிலும் சந்தனமும் குங்குமமும் பூச, மறுநாள் காலையில் தடிப்பும் அரிப்பும்தான் மிச்சம். வீட்டில் உரைத்த சந்தனத்தை வைத்துவிட்டால் வாசனையும் சாயமும் சேர்த்த பாக்கெட் சந்தனத்திலிருந்து தப்பலாம். குங்குமத்திலும் செந்தூரத்திலும் சில வகைகளில் ஈயம் இருந்தது சோதனைகளில் தெரியவந்திருப்பதால், பளீரென்று சிவந்த மலிவுப் பொடியை ஒதுக்குங்கள். கண்ணுக்கு இடும் சுர்மாவில் ஈயமே முதன்மைப் பொருளாக இருப்பதுண்டு. அது கட்டாயம் வேண்டாம்.

முல்தானி மெட்டி சருமத்தை உலர்த்தும். எண்ணெய்ப் பசை மிகுந்த முகத்துக்குக்கூட அடிக்கடி வேண்டாம். அந்த மண்வாசனைக்கு வாயூறி எடுத்துத் தின்னத் தோன்றினால் அதைச் சிரித்து மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்து வரக்கூடிய ஆசை அது.

கற்பூரம் கலந்த எண்ணெயும், கற்பூரத்தோடு மெத்தில் சாலிசிலேட்டும் கலந்த தைலங்களும் தோல் வழியாக உள்ளே செல்லக்கூடியவை. நெற்றியில் எப்போதாவது ஒரு துளி தடவுவதையும், வயிறு முழுக்கத் தேய்த்து விடுவதையும் ஒன்றாகக் கருதக் கூடாது. செறிவான வாசனை எண்ணெய்களைப் பூச்சில் சொட்டுவதும் அப்படியே. கர்ப்பத்தில் வேப்பெண்ணெயைக் குடிக்கவே கூடாது.

நம் ஊர் வெப்பத்துக்கும் புழுக்கத்துக்கும், நீர் கலந்த எந்தப் பூச்சும் அறை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே கிருமிகளுக்கு வீடாகிவிடும். அரைத்த கற்றாழை, அரிசி கழுவிய நீர், தயிர்ப் பூச்சு ஆகியவற்றை அன்றன்று செய்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். பல நாள் ஊறவைத்த அரிசியில் செய்யும் பெடாக் செஜுக் என்னும் மலாய்க் குளிர்ச்சிப் பொடி உருண்டைகளைக்கூட முழுதாகக் காய்ந்த நிலையில் வைத்திருந்து, பூசும் வேளையில் மட்டுமே நீர் சேர்க்க வேண்டும். கற்றாழை மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவிய பிறகே உள்ளிருக்கும் சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பால் தோலை அரிக்கும். உள்ளே போனால் பேதியாகும். பப்பாளிக் காயின் பாலும் முகத்துக்கு ஆகாது. பச்சை முட்டை வெள்ளைக்கரு சால்மோனெல்லாக் கிருமியைக் கொண்டுவரலாம் என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

வயிற்றில் தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சியும் இழுப்பும் குறையும். பிரசவக் கோடுகள் வராமல் தடுக்கும் என்று நம்பித் தடவுவது வேறு. அவை ஆழமான அடுக்கில் நிகழும் மாற்றங்கள். எந்த எண்ணெயும் அவற்றைத் தடுப்பதாக உறுதியான சான்று இல்லை. சர்க்கரையாலோ நாராலோ வயிற்றைத் தேய்ப்பதால் வருவது புண் மட்டுமே. கழுத்து மடிப்பு வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கென்று தேய்க்காமல், சர்க்கரைச் சோதனையின்போது மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம்.

அரிப்பை வீட்டிலேயே அடக்கப் பார்ப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவில் அது கூடி, தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல் இருந்தால், கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வெளியேறாமல் தேங்கும் நிலையாக இருக்கலாம். பிரிட்டனில் இது ஏறக்குறைய 0.7 விழுக்காட்டுக் கர்ப்பங்களில் காணப்படுகிறது. அங்குள்ள இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடம் 1.2 முதல் 1.5 விழுக்காடு வரை. பித்த அமிலம் மிகவும் கூடினால் குறைமாதப் பிரசவமும், அரிதாகக் குழந்தையின் உயிருக்கே கேடும் நேரலாம். வேப்பிலை அரைத்துப் போட்டு, சந்தனம் பூசி, குளிர்ந்த நீரில் காலை வைத்து ஒரு வாரத்தைக் கடத்துவது இந்நிலையில் வீணாகும் காலம். அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றே தாய்-சேய் நலக் கிளினிக்குக்குச் சென்று, இரத்தத்தில் பித்த அமிலத்தையும் கல்லீரல் செயல்பாட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் கருத்திருந்தாலோ கண் மஞ்சளித்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். இதுவரை தோலில் என்னென்ன பூசினீர்கள் என்பதை, மாமியார் கொடுத்த பொடி உட்பட, ஒளிக்காமல் தெரிவித்து, பொட்டலமோ டப்பாவோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.