கடலோர ஆய்வகத்தில் டயோடு லேசர்: வெப்பநிலையை எங்கே நிறுத்துவது?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டியுள்ள ஆய்வகங்களில் டயோடு லேசரை (சிறிய குறைகடத்திச் சில்லிலிருந்து ஒளி தரும் லேசர்) அமைப்பவர், அதன் அலைநீளம் மாறாதிருக்க அதை ஒரே வெப்பநிலையில் நிறுத்த வேண்டும்; அந்த வெப்பநிலை எதற்குக் கீழே போகக் கூடாது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். அறைக் காற்று 30 டிகிரி செல்சியஸாகவும் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதமாகவும் இருந்தால், 25 டிகிரிக்குக் குறைவான எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏ.சி. ஓடும் அறையில் 24 டிகிரி, 60 சதவீதம் என்ற நிலையில் நீர் படியத் தொடங்கும் இந்த வெப்பநிலை, அதாவது பனிநிலை, சுமார் 16 டிகிரிக்கு இறங்கிவிடுவதால், லேசரை 18 டிகிரியில் வைப்பது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் மின்வெட்டில் ஏ.சி. நின்றுபோய், யு.பி.எஸ்ஸில் இணைத்த வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் தொடர்ந்து குளிர்வித்தால், டயோடின் கண்ணாடியிலும் அதன் கம்பிக் கால்களிலும் ஈரம் படர்ந்துவிடும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் அரிப்பு விரைவாகும். எனவே 26 முதல் 28 டிகிரிக்குள் நிறுத்துவதையும், மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைப்பதையும் நான் வலியுறுத்துவேன்.

இந்த முடிவு டயோடை வாங்கும்போதே தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, ருபீடிய அணுக்களை ஆராய 780.24 நானோமீட்டர் அலைநீள ஒளி வேண்டும். இவ்வகை டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.25 நானோமீட்டர் நகரும். 25 டிகிரியில் 781.5 நானோமீட்டர் தரும் டயோடை வாங்கினால் 20 டிகிரிக்குக் குளிர்விக்க நேரும், 779.7 அளவில் தருவதைத் தேர்ந்தெடுத்தால் 27 டிகிரியிலேயே வேலை முடிந்துவிடும்.

டயோடைச் செம்பு அல்லது அலுமினியக் கட்டையில் பொருத்தி, அதன் கீழே பெல்டியர் தகட்டையும் (மின்னோட்டத்தின் திசைக்கேற்ப ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு), அதற்கும் கீழே வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்கையும் வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவி அமைக்க வேண்டும். கட்டையையும் ஹீட் சிங்கையும் இணைக்கும் திருகுகள் நைலானாக இருக்கட்டும். இரும்புத் திருகு வழியாக வெப்பம் திரும்பி ஏறும். கட்டையில் டயோடுக்கு மிக அருகில் துளையிட்டு, வெப்பப் பசை நிரப்பி, 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரை (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரி) அதில் செருக வேண்டும். 25 டிகிரிக்கு அருகே ஒரு டிகிரி மாறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 440 ஓம் மாறும். ஆகவே நூறில் ஒரு டிகிரி அசைவைக்கூட நான்கைந்து ஓம் மாற்றமாகக் காணலாம்.

டயோடுக்கு மின்சாரம் தருவதற்கு முன்பே பெல்டியரின் திசையைச் சோதித்துவிடுங்கள். கட்டையை விரலால் தொட்டுச் சூடாக்கினால் தெர்மிஸ்டரின் மின்தடை குறையும். உடனே கருவி குளிர்விக்கத் தொடங்க வேண்டும். கம்பிகள் மாறியிருந்தால் அது மேலும் சூடாக்கிக்கொண்டே போகும் என்பதால், பெல்டியர் மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்காமல் இதைச் செய்யவே கூடாது.

கருவி வெப்பநிலைப் பிழையைத் திருத்தும் முறையே பி.ஐ.டி. அதில் பி பிழையின் அளவுக்கும், ஐ அதன் தொடர் கூட்டலுக்கும், டி அது மாறும் வேகத்துக்கும் ஏற்பத் திருத்தும். இதை அமைக்கும்போது ஐ, டி இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, வெப்பநிலை சீராக அலையத் தொடங்கும்வரை பி-யைக் கூட்டி, பிறகு பாதியாகக் குறைக்க வேண்டும். மீதமுள்ள பிழை மறையும்வரை ஐ-யை மெதுவாகக் கூட்டினால் போதும். பெரும்பாலும் டி தேவைப்படாது.

வெப்பநிலை நிலைத்தபின், நிலைமின்னூட்டம் தாக்காதபடி மணிக்கட்டுப் பட்டை அணிந்து டயோடை இணைத்து, மின்னோட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி கட்டாயம். அணைக்கும்போது முதலில் டயோடின் மின்னோட்டத்தைப் பூஜ்யமாக்கி, பின்னர் பெல்டியரை நிறுத்தி, டயோடைக் கழற்றுவதானால் அதன் கால்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்க வேண்டும்.